60 படம் வேண்டாம், 15 போதும்

கேள்வி: கும்பகோணத்தில் ஓவியம் படித்து முடித்துவிட்டேன். சென்னை கேலரிகளில் காட்ட போர்ட்ஃபோலியோ (என் படங்களின் தொகுப்பு) தயாரிக்கிறேன். கையில் 60 படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் சேர்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, இரண்டு நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். கண் தானாகப் போய் நிற்கிற 12 முதல் 15 படங்களை மட்டும் எடுங்கள். ஆசிரியர் பாராட்டினார் என்பதற்காகவே வைத்திருக்கும் படம் போகட்டும். சுமாரான ஒரு படம் பக்கத்தில் இருக்கிற நல்ல படத்தையும் கீழே இழுத்துவிடும். வலுவானது முதலில், அதற்கு இணையானது கடைசியில்.

பலரும் கோட்டைவிடுவது போட்டோ எடுப்பதில்தான். எண்ணெய் வண்ணப் படத்தை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்தால் தூரிகைத் தடமெல்லாம் வெள்ளையாக மின்னும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட கருநீலம் வெளிறிப்போய்த் தெரியும். காலையில், நேர்வெயில் படாத திண்ணையில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கேமராவை அதன் நடுவுக்கு நேராக ஸ்டாண்டில் வைத்து எடுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அச்சடிப்பதென்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது முழு ஏ4 பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்சல்.

அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), வருடம், சென்டிமீட்டரில் அளவு (உயரம் முதலில், அகலம் பிறகு). அளவு போடாவிட்டால் அது உள்ளங்கை அகலமா, சுவர் அகலமா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? உங்களைப் பற்றிய குறிப்பு அரைப் பக்கம் போதும். நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.