முதல் தடவை க்ரூஸ் கப்பலில் விடுமுறைக்குப் போகிறோம். என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம்?

கணவன் மனைவி இரண்டு பேர், ஒரு வாரம், நாலு துறைமுகம், இதுவரை கப்பல் ஏறியதே இல்லை, வாந்தி வருமா, எந்த கேபின் எடுப்பது, டிக்கெட்டுக்கு மேல் செலவு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று.

அந்த நாலு ஊர்களின் பெயரைப் பார்த்துத்தான் இந்தப் பயணத்தைப் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் காசு கொடுப்பது கப்பலில் ஒரு வாரம் இருப்பதற்கு. ஊர்கள் அதோடு வரும் கொசுறு. இதை ஏற்றுக்கொண்டு ஏறுகிறவர்கள் சந்தோஷமாக இறங்குகிறார்கள்; நாலு ஊரையும் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று ஏறுகிறவர்கள் புலம்பிக்கொண்டே இறங்குகிறார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு வந்து சேரும் என்று அட்டவணை சொல்லும். அனுமதி கிடைத்து, வரிசையில் நகர்ந்து, நீங்கள் கரையில் கால் வைக்க 9 ஆகிவிடும். மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்றால் நாலரைக்கு, சில கப்பல்களில் 4 மணிக்கே, எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். இதற்கு நடுவில்தான் துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போய் வரும் தூரமும். அட்டவணையில் 'ரோம்' என்று இருந்தால் கப்பல் நிற்கப்போவது சிவித்தாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் வழக்கமாக லெ ஹாவ்ர், அது கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். 'பாங்காக்' என்றால் பெரிய கப்பல்களுக்கு லேம் சபாங், அதுவும் 100 கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் கப்பல் கரைக்கே வராது. கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் கழியும்.

அதனால் ஊருக்கு ஒரே ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஊர் இருந்தால் நீங்களே நடந்து பார்த்துவிட்டு வரலாம். தூரமாக இருந்தால் மட்டும் கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவை எடுங்கள். விலை அதிகம்தான், கூட்டமும்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லை அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பல் நிற்கும் துறைமுகப் பாலத்தில் ஆட்கள் மூச்சிரைக்க ஓடிவருவதையும், மேல்தளத்தில் நின்று மற்றவர்கள் கை தட்டி உற்சாகப்படுத்துவதையும் நானே பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். கப்பல் நேரமும் கரை நேரமும் சில சமயம் வேறாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாது. கப்பல் நேரத்துக்கு வைத்த ஒரு சாதாரண வாட்சைக் கையில் கட்டிக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட், விசா விஷயத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக விதி பாருங்கள். ஒரு நாட்டை விட்டுப் போய்த் திரும்ப அதே நாட்டுக்கு வருகிற வழித்தடம் என்றால் பலமுறை நுழையும் விசா தேவைப்படலாம்.

காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். பெரும்பாலும் அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

சரி, கேபின். உள் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி கேபின், அதற்கு மேல் சூட் எனும் பெரிய சொகுசு அறை என்று வகை. உள் கேபினில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது; தூக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கப்பல்தான் விடுமுறை என்று சொன்னேன் இல்லையா, அந்த நியாயப்படி பார்த்தால் பால்கனிக்குக் காசு கொடுப்பது வீண் இல்லை, அதுவும் கடலிலேயே கழியும் நாள்கள் நிறைய இருக்கும் பயணத்தில். தினமும் துறைமுகம் என்றால் உள் கேபினே போதும். வகையைவிட முக்கியம் அது கப்பலில் எங்கே இருக்கிறது என்பது. தள வரைபடத்தை எடுத்து, உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம்தான் அலாரம். சில ஜன்னல்களுக்கு நேர் எதிரில் உயிர்காப்புப் படகு தொங்கும். அதைப் 'பார்வை மறைக்கும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வாந்தி விஷயத்துக்கும் இடம்தான் முதல் மருந்து. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் உச்சியிலும் அதிகம். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கடியில் இரு பக்கமும் நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே குறைத்துவிடும். முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதற்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அமைதியான கடலில் கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத நேரங்களும் உண்டு. பேருந்திலோ காரிலோ தலைசுற்றும் ஆள் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக இந்த மாத்திரைகளைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது. தூக்கமும் வரும். ஆட்டம் தொடங்கினால் கேபினுக்குள் முடங்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். எனக்கு எதுவும் ஆகாது, என் மனைவிக்கு லேசான அலைக்கே வயிற்றைப் புரட்டும். ஒரே கேபின், ஒரே சாப்பாடு. உடம்பு வாகு அப்படி.

அப்புறம் காசு. டிக்கெட்டில் கேபின், முக்கிய உணவகங்களின் சாப்பாடு, நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் எல்லாம் அடக்கம். மதுபானம், பல கப்பல்களில் குளிர்பானம், தனிக் கட்டண உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கரைச் சுற்றுலா, அவர்கள் எடுக்கும் போட்டோ எல்லாம் வெளியே. பல நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று தினமும் டிப்ஸையும் தானாகவே கணக்கில் ஏற்றிவிடும். கப்பலுக்குள் ரொக்கம் கிடையாது. கேபின் சாவியாக இருக்கும் அந்த அட்டைதான் பணம், அடையாளம் எல்லாம். செலவு செய்வதே உறைக்காது, அங்கேதான் ஆபத்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்கை எடுத்துப் பாருங்கள். கணக்கோடு இணைக்க டெபிட் கார்டைத் தவிர்ப்பது நல்லது. முன்தொகையாக ஒரு பணத்தை முடக்கி வைப்பார்கள், விடுவிக்க நாளாகும். பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பானத் தொகுப்பு வாங்குமுன் ஒரே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டுமா என்று கேளுங்கள். நிறைய இடங்களில் அப்படித்தான்.

கப்பல் கிளம்பியதும் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் பிடிக்கும் சிக்னல் கப்பலின் செயற்கைக்கோள் வழி வருவது, அதன் ரோமிங் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் வராது. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பில் தனி. பயணக் காப்பீடு எடுக்கும்போது கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கிருமிநாசினி ஜெல் மட்டும் போதாது. கப்பல்களில் பரவும், வாந்தி பேதி வரவைக்கும் நோரோவைரஸ் கிருமி அதற்கு அவ்வளவு எளிதில் அடங்காது.

ஏறும் நாள் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபின் வாசலுக்கு வர மாலை ஆகலாம். மருந்து, ஆவணங்கள், ஒரு செட் உடை, நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி கொண்டுபோனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலில் எல்லோரும் பயப்படுவது தீக்குத்தான். மதியம் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள், அன்று முக்கிய உணவகமும் திறந்திருந்தால் அங்கே போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். சலித்துக்கொள்ளாமல் போய், உங்கள் கூடுமிடம் எது, கேபினிலிருந்து எந்தப் படிக்கட்டு என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏழு சின்னச் சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்றால் அங்கே போக வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். சிவித்தாவெக்கியாவில் அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2015 முதல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியே மாறிவிட்டது.

கடல் நாள்கள்தான் எனக்குப் பிடித்தவை. முந்தின இரவே நிகழ்ச்சி நிரல் வந்துவிடும், அதில் பாதிக்கு மேல் உங்களுக்கு வேண்டாதவை. ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீதி நேரம் சும்மா இருங்கள். காலை 8 மணிக்கே துண்டு போட்டு நாற்காலி பிடிக்கும் நீச்சல்குளச் சண்டையில் சேராமல், கீழ்த்தளத்தில் கப்பலைச் சுற்றி வரும் நடைபாதைக்குப் போங்கள். எல்லாக் கப்பலிலும் அது முழுச் சுற்றாக இருக்காது, இருந்தால் அதுதான் கப்பலிலேயே நல்ல இடம். ஒருவேளை நீங்கள் கேசினோவையும் வரியில்லாக் கடைகளையும் தேடினால், அவை கடலில் இருக்கும்போதுதான் திறந்திருக்கும். துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் மூடிவிடுவார்கள். ஒரு இரவு நல்ல உடை உடுத்தச் சொல்வார்கள், இஷ்டம் இல்லாவிட்டால் பஃபேயில் சாப்பிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் போட வேண்டிய உடையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு. காலையில் சீக்கிரமே கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த கூட்டம் மதியமே வருகிறது. பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால் முதலில் விடுவார்கள். கப்பல் தாமதமாக வரலாம், குடியேற்ற வரிசை நீளலாம். எனவே திரும்பும் விமானத்தை அன்று பிற்பகலுக்கு மேல் போடுங்கள். கிளம்பும்போது கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாளே அந்தத் துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள்.