படலை வரை போவது எப்படி? வன்னியில் விடுமுறை வீடு எடுத்தவர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விடுமுறைக்கு வன்னியில் வீடு வாடகைக்கு எடுத்துவிட்டோம், போய்ச் சேருவது எப்படி? முன்பு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மாமி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பாய் விரித்துப் படுத்தார்கள். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஒரு குளியலறை போதவில்லை. வாடகை வீடு எடுப்பதில் பிழையில்லை. ஆனால் மாமி வீடென்றால் மச்சான் மோட்டார் சைக்கிளோடு சந்தியில் காத்து நிற்பார். வாடகை வீட்டுக்காரர் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

லண்டனில் இருந்து ஐந்து பேர் வருகிறோம். அம்மாவுக்கு 74 வயது. இரவு 11 மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறோம். வீடு கிளிநொச்சி திருவையாறு பக்கம். வானா, ரயிலா?

வான். ஆனால் அந்த இரவே வேண்டாம்.

கட்டுநாயக்கவில் இருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாகக் கிளிநொச்சி சுமார் 300 கிலோமீற்றர். அம்மாவுக்காக இடையிடையே நிறுத்தினால் ஏழு மணித்தியாலம் ஆகும். இங்கே ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் டிரைவர் எங்கே இருந்து வருகிறார்? ஊரில் இருந்து உறவினர் பிடித்து அனுப்புகிற வான் என்றால், அந்தப் பொடியன் காலையில் கிளிநொச்சியில் கிளம்பி, 300 கிலோமீற்றர் ஓடி, விமான நிலையத்தில் கொட்டாவி விட்டபடி நின்று, அதே களைப்போடு உங்களை ஏற்றித் திரும்ப 300 ஓடவேண்டும். நானும் பல வருஷம் அப்படி ஓடியவன்தான். மதவாச்சி தாண்டி விடியற்காலை மூன்று மணிக்குக் கண் எப்படிச் சொருகும் என்று எனக்குத் தெரியும். கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் அந்த நேரம் மாடுகள் தார் சூட்டுக்கு நடுவீதியில் படுத்திருக்கும். கறுத்த மாடு லைற் வெளிச்சத்துக்கும் தெரியாது.

ஆகவே நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள், விமான நிலையத்துக்குக் கிட்டத்தான். டிரைவரும் படுக்கட்டும். காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பின்னேரத்துக்குள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஐந்து பேருக்குப் பத்துப் பெட்டி வரும். ரொயோட்டா கேடிஎச் என்ற பெரிய வானாகப் பாருங்கள். பெட்டியைக் கூரையில் கட்டுவதென்றால் தறப்பாள் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

ரயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளிநொச்சி வரை 2013இலும் யாழ்ப்பாணம் வரை 2014இலும் பாதை மீண்டது. குளிரூட்டிய முதல் வகுப்பில் முதியவர்கள் கால் நீட்டி வரலாம், கழிப்பறையும் உண்டு. ஆனால் அதற்கு நீங்கள் முதலில் கொழும்புக்குப் பின்னே போகவேண்டும். கிளிநொச்சியில் ரயில் நிற்கிற சில நிமிடத்தில் பத்துப் பெட்டியையும் அம்மாவையும் இறக்கவேண்டும். கைப்பையோடு வருகிற இருவருக்கு ரயில் சுகம். உங்களுக்கு அல்ல.

வெள்ளவத்தையில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவில் எடுத்த வீட்டுக்குப் போகலாமா? தனியாக வருகிறேன்.

யாழ்ப்பாண பஸ்ஸின் கணக்கு, விடியும்போது யாழ்ப்பாணத்தில் நிற்பது. அப்படியென்றால் மாங்குளத்தில் உங்களை இரவு இரண்டு, மூன்று மணிக்கு இறக்கிவிடும். கடைகள் பூட்டியிருக்கும், ஓட்டோ இருக்காது, நாய்கள் இருக்கும். அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், காடும் யானையும் உள்ள வீதி. முல்லைத்தீவுக்கு நேரே போகிற பஸ்ஸைப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் வவுனியாவில் இறங்குங்கள். அங்கே இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. தேநீர் குடித்து விடியும் வரை இருந்துவிட்டு முதல் பஸ் எடுக்கலாம். அல்லது பகல் ரயிலில் வந்து, மாங்குளத்தில் ஓட்டோவை முதலே சொல்லி வையுங்கள்.

சென்னைக்கு வந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்குப் பறந்தால் கிட்டத்தானே? ஏன் எல்லோரும் கட்டுநாயக்க என்கிறார்கள்?

கிட்டத்தான். பலாலியில் இருந்து கிளிநொச்சிக்கு ரோட்டில் 80 கிலோமீற்றர் அளவில்தான். சென்னை – யாழ்ப்பாணம் சேவை 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இன்டிகோவும் சேர்ந்துகொண்டது. பறப்பது ஒரு மணித்தியாலம் சொச்சம். பரந்தன், கிளிநொச்சிக்காரருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று நானே சொல்வேன்.

சிக்கல் சென்னையில்தான். லண்டன் – சென்னை ஒரு ரிக்கற், சென்னை – யாழ்ப்பாணம் இன்னொரு ரிக்கற் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்ப உள்ளே கொடுக்கவேண்டும். அதற்கு உங்கள் பிரிட்டிஷ் அல்லது கனேடிய பாஸ்போர்ட்டில் இந்திய விசா வேண்டும். இலங்கை அனுமதி மட்டும் போதாது. இதைத் தெரியாமல் வருகிறவர்களுக்கு லண்டனில் ஏறும் கவுண்டரிலேயே சிக்கல் தொடங்கிவிடும். அடுத்தது நிறை. பலாலிக்கு வருவது சிறிய ஏடிஆர் விமானம். பெரிய விமானத்தில் அனுமதித்த கிலோ இதில் கிடைக்காது. மச்சாளுக்கு வாங்கிய சொக்லேற் பெட்டிகளுக்கு மேலதிகக் காசு கட்டுவீர்கள். வவுனியாப் பக்கம் வீடென்றால் இவ்வளவு கரைச்சலுக்குப் பலாலி தேவையில்லை.

நாகபட்டினம் கப்பலில் வர ஆசை.

ஆசை நல்லதுதான். காங்கேசன்துறைக்கு நாலு மணித்தியாலம் அளவில் வந்துவிடும். ஆனால் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில்தான் திரும்ப ஓடியது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் ஓட்டம் இல்லை. வீட்டு வாடகை குறித்த திகதியில் தொடங்குகிறது, கடல் திகதி பார்ப்பதில்லை. தமிழ்நாட்டைச் சுற்றிவிட்டு ஆறுதலாக வருகிறவர்கள் கப்பலில் வாருங்கள்.

நானே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டினால்?

வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டமுடியாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி எடுக்கவேண்டும். ஓட்டினாலும் பகலில் ஓட்டுங்கள். கிளிநொச்சிக்குள் சுற்ற கார் வேண்டுமென்றால் இங்கே வந்து, டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுப்பதே நிம்மதி.

வீட்டுக்காரர் 'ஏ9இல் இருந்து ஐந்து நிமிடம்' என்கிறார். நம்பலாமா?

எந்த வாகனத்தில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள்.

போன மார்கழியில் ரொறன்ரோக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனேன். அவர்களுக்கும் ஐந்து நிமிட வீடுதான். போனில் இருந்த மப் எங்களை வாய்க்கால் கட்டால் திருப்பியது. இரண்டு நாள் மழை பெய்து மண் களியாகிக் கிடந்தது. இடப்பக்கச் சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. சின்ன மகள் வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கி, ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி வந்தாள். கடைசியில் பக்கத்து வயல்காரர் லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கொண்டுவந்து, எங்கள் பயணப் பெட்டிகளை அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றி, அதன் மேல் பாட்டியையும் இருத்தி வீட்டுக்குக் கொண்டுபோனார். பாட்டிக்கு அதுதான் விடுமுறையில் மிகப் பிடித்த பயணம். வான் மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தது.

கார்த்திகை முதல் தை வரை வருகிறவர்கள் படலை வரை கிரவலா, களிமண்ணா என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் ஒழுங்கையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், வீட்டின் படத்தை அல்ல. சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பரும் வாங்குங்கள். அவருக்கு எந்த ஒழுங்கை தாழும் என்று மப்பைவிட நன்றாகத் தெரியும்.

எந்த நாட்களில் வாகனம் கிடைக்காது?

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வடக்கு ரயில்கள் நிறையும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மன்னார், வவுனியா வான்கள் எல்லாம் மடுவில்தான் நிற்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலன்று முல்லைத்தீவுப் பக்கம் வாடகை வாகனம் தேடாதீர்கள். பொங்கலுக்குப் போகிற வான் ஒன்றில் இடம் கேட்டால் பிடிக்கலாம். பெட்டியை மடியில் வைத்திருக்கவேண்டி வரும்.