மழையே இல்லாதபோது போனில் திடீர் வெள்ள எச்சரிக்கை அலறுகிறது. அணைத்து வைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள். எரிச்சல் புரிகிறது. நடுராத்திரியில் அலறியிருக்கும், எழுந்து ஜன்னலைத் திறந்தால் நட்சத்திரம் தெரிந்திருக்கும். அந்தக் கடுப்பில்தானே கேட்கிறீர்கள்?

குடும்பத்தோடு ஒரு மலையடிவார ஓடைக்குப் போயிருந்தோம். கணுக்கால் அளவு தண்ணீர், மேலே சுள்ளென்று வெயில். பிள்ளைகள் நடு ஓடையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. அத்தான் வானத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேயோ பெய்யுற மழைக்கு இங்கே மணி அடிக்கிறான்" என்று சிரித்தார். மலைக்கு அந்தப் பக்கம் கறுத்திருந்ததை நான் கவனித்திருந்தேன். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, கரையில்கூட நிற்க விடாமல் மேட்டுக்கு ஏற்றினேன். படித்த பைத்தியம் என்று பட்டமும் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில், கூழாங்கல் தெரிந்த தண்ணீர் செம்மண் கலங்கலாக மாறியது. நுரையோடு சருகும் சுள்ளியும் வந்தன. அப்புறம் லாரி வருவது போல ஓர் இரைச்சல். பாறை முழுகிப்போனது. கரையில் கழற்றி வைத்திருந்த அத்தானின் புதுச் செருப்பும் போனது.

தற்செயல் என்று சொல்ல யாராவது வருவீர்கள். வாருங்கள். எச்சரிக்கை வந்து ஒன்றுமே நடக்காத நாட்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நான் வானிலை நிபுணரும் இல்லை. ஆனால் ஓர் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உருவாகிக் கொட்டிக் கலைந்துவிடும். எந்தத் தெருவில் கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு பரப்பையே குறித்து, அங்குள்ள செல்போன் கோபுரங்கள் வழியாக அனுப்புகிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் வரத்தான் செய்யும். மேலே பெய்த மழைக்குக் கீழே வெள்ளம் வருவதும் புதிதல்ல. 1976 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்தில் சுமார் 300 மில்லிமீட்டர் கொட்டியது. கீழே இருந்தவர்களில் பலர் பெரிய மழையையே பார்க்கவில்லை. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைச் சாய்த்துவிடும். 60 சென்டிமீட்டர் போதும், பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இடிச்சத்தம் காதில் விழுகிறதென்றால் மின்னல் எட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை உள்ளேயே இருங்கள்.

அணைக்கத்தான் வேண்டுமென்றால், போன் நிறுவனம் அனுப்பும் விளம்பர மெசேஜ்களை அணையுங்கள். சலுகை, போட்டி, பாட்டு என்று நாள் முழுக்கக் கிணுகிணுத்தால் எந்தச் சத்தத்தை மனுஷன் மதிப்பான்? சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு எச்சரிக்கை வந்த ஒரு நாளில், நேரில் வந்தால்தான் வருகைப்பதிவு என்று எங்கள் மேலாளர் குழுவில் செய்தி போட்டார். முட்டளவு தண்ணீரைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தால் அவர் அறை பூட்டியிருந்தது. அன்று அவருக்கு வீட்டிலிருந்து வேலையாம்.