கச்சான் காற்றில் படகின் ஓட்டத்தை அடக்குவது: கேள்வி பதில்

தூத்துக்குடிக் கடலில் ஃபைபர் படகில் தூண்டில் தொழில் பார்ப்பவர்கள், தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் இந்தப் பருவத்தில் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணாச்சி, கச்சான் எழுந்தால் தூண்டில் ஈயம் தரை தொடுவதற்குள் கடலடிப் பாறைத்திட்டான பாரைத் தாண்டிவிடுகிறோம். எந்த வேகத்தில் ஓடினால் சரி?

ஜிபிஎஸ் திரையில் அரை நாட் முதல் ஒரு நாட் வரை காட்டினால் கலவா, விளைமீனுக்குப் போதும். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர். இரண்டு நாட்டில் போனால் 100 மீட்டர் அகலமுள்ள பாரை இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடுவீர்கள். ஈயத்தின் எடையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, கைதான் வலிக்கும். அடக்க வேண்டியது படகை.

கேள்வி: தண்ணீரில் விடும் கூம்புப் பை ஒன்று வாங்கினேன். சில நாள் நன்றாகப் பிடிக்கிறது. சில நாள் பையை விட்ட பிறகு வேகம் கூடுகிறது. பை பழுதா?

பை நன்றாகவே இருக்கிறது. அது படகைத் தண்ணீரோடு கட்டிப்போடுகிறதே தவிர, தரையோடு அல்ல. தண்ணீரே ஓடினால் படகும் கூடவே ஓடும். கச்சான் உங்களை வடகிழக்கே ஒன்றரை நாட் தள்ளுகிறது, நீரோட்டம் தென்மேற்கே ஒரு நாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பை இல்லாதபோது ஒன்றை ஒன்று கழித்து அரை நாட்டில் மெல்லப் போவீர்கள். பையை விட்டதும் காற்றின் பங்கு கால் நாட்டாகச் சுருங்குகிறது, நீரோட்டம் அப்படியே இருக்கிறது. படகு முக்கால் நாட்டில் எதிர்த்திசையில் கிளம்பிவிடும்.

ஆகவே முதலில் எஞ்சினை அணைத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். படகு காற்றுப் போகும் பக்கமே வேகமாகப் போனால் பையை இறக்கலாம். காற்றைக் குறுக்கே வெட்டியோ எதிர்த்தோ போனால் நீரோட்டம் வலுவாக இருக்கிறது, பையைச் சுருட்டி வையுங்கள். பக்கத்தில் நங்கூரமிட்ட மிதவை இருந்தால் அதன் கயிற்றைத் தண்ணீர் எந்தப் பக்கம் கிழித்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். ஜிபிஎஸ் இல்லாதவருக்கும் அது போதும்.

கேள்வி: பையைப் பின்பக்கம் கட்டினால் கைக்கு எட்டும். கட்டலாமா?

கூடாது. எஞ்சின் எடையால் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. அங்கே பையும் இழுத்தால் அலை நேராக உள்ளே ஏறும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் கட்டுங்கள். படகு காற்றுக்கு முகம் காட்டும், காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். படகு அலையின் முகட்டில் ஏறும்போது பையும் வேறொரு முகட்டில் இருக்கும்படி கயிற்றை விடுங்கள், வெட்டி இழுக்காது. பையின் வால்முனையில் ஒரு மெல்லிய கயிறு கட்டுங்கள். அதை இழுத்தால் தண்ணீர் வடிந்து பை சுலபமாக வந்துவிடும். பை படகுக்குள் வந்த பிறகே எஞ்சினில் கை வைக்க வேண்டும். புரொப்பெல்லரில் சுற்றிய கயிற்றைக் கச்சானில் அறுப்பது பெரும்பாடு.

கேள்வி: பைக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி?

வத்தை போன்ற சிறு படகுக்கு ஓரளவு பிடிக்கும். கைப்பிடியில் கட்டாதீர்கள், அதுதான் முதலில் பிய்யும். விளிம்பில் துளையிட்டு மூன்று கயிறாகக் கட்டுங்கள்.

கேள்வி: சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகலாமா அண்ணாச்சி?

வெறும் மணல் தரையில், அணியத்திலிருந்து இழுத்தால் வேலை செய்யும். பாரில் வேண்டாம். மாட்டினால் படகு தடாலென்று நிற்கும், பவளமும் உடையும். மீன் ஒதுங்கும் இடத்தையே உடைத்துவிட்டு நாளை எங்கே தூண்டில் போடுவது? மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட 21 தீவுப் பகுதிப் பக்கம் இந்த எண்ணமே கூடாது.

கேள்வி: எஞ்சினாலேயே பிடித்து நிறுத்த முடியாதா?

முடியும். அணியத்தைக் காற்றுக்கு நேரே வைத்து, கியரைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஒருவர் அதற்கென்றே வேண்டும், எண்ணெயும் செலவாகும். நீரோட்டம் மிகுந்த நாளில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: எவ்வளவு காற்று வரை தொழில் பார்க்கலாம்?

காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் அதன் தள்ளு நான்கு மடங்கு. கச்சான் இங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை சிறிதாகத் தெரியும், வெளியே போகப் போகத்தான் சுயரூபம் காட்டும். ஓட்டம் முழுவதும் உங்களைக் கரையை விட்டுத்தான் தள்ளும், திரும்புவது எதிர்க்காற்றில். போனதைவிட வருவதற்கு அதிக எண்ணெய் வேண்டும் என்று கணக்கிட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள். மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் என்று வானிலை மையம் எச்சரித்தால் படகைத் தள்ளவே வேண்டாம்.