கொப்பிகளில் சேர்த்த வாசகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆசிரியப் பணியில் சேர்ந்த காலம் முதல், வாசித்தவற்றிலும் பெரியோர் சொல்லக் கேட்டவற்றிலும் மனத்தில் தங்கிய வாசகங்களைக் கொப்பிகளில் எழுதி வருகிறேன். 1995 போர்க்கால இடப்பெயர்வின்போது உடுபுடவைகளோடு இவற்றையும் சுமந்துகொண்டே சாவகச்சேரிக்குப் போனோம். இன்று பேரப்பிள்ளைகளில் இருவர் கனடாவில் இருக்கிறார்கள். ஒருத்தி என்னோடு இருக்கிறாள். அவர்கள் வாழ்வுக்கு உதவும்படி இவற்றை எவ்வாறு கையளிக்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

பதில்: கொப்பிகளை அப்படியே கட்டிக் கொடுப்பதால் அதிக பயன் விளையும் என்று நான் எண்ணவில்லை. நம் பாடசாலைகளில் காலைப் பிரார்த்தனையின்போது ஒரு மாணவர் நற்சிந்தனை வாசிப்பதை எத்தனையோ ஆண்டுகள் கேட்டிருப்பீர்கள். முதலாம் பாடம் தொடங்கியதும் அன்றைய வாசகம் என்னவென்று கேட்டால் எத்தனை பிள்ளைகள் சொல்வார்கள்? ஆனால் வேலிச் சண்டையில் அண்ணனும் தம்பியும் பேசாதிருந்த வீட்டில் அப்பம்மா சொன்ன ஒரு வார்த்தையை அதே பிள்ளைகள் முதுமையிலும் மறப்பதில்லை. எனவே ஒவ்வொரு வாசகத்தின் கீழும், அதை யார் சொல்லக் கேட்டீர்கள், எந்த வேளையில் அது உங்களுக்கு உதவியது என்று இரண்டு மூன்று வரிகள் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரடியில் தம் குருவான செல்லப்பா சுவாமிகளிடம் யோகர் சுவாமிகள் பெற்ற 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்ற மகாவாக்கியம் உங்கள் கொப்பியிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். ரொறன்ரோவில் வளரும் பிள்ளை இதை வெறுமனே வாசித்தால், நடப்பது எதையும் பொருட்படுத்தாதே என்று சொல்வதாக விளங்கிக்கொள்ளக்கூடும். வீடு வாசலை விட்டு நடந்த இரவில் அதை வாயில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் நம்மிடையே உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி நடந்திருந்தால் அந்த இரவைப் பற்றியும் எழுதுங்கள். புறநானூற்றின் 192ஆம் பாட்டும் அப்படித்தான். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற முதலடியை மேடைகள் தேய்த்துவிட்டன. 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்ற முடிவடிகளே பிள்ளை வளர்ப்புக்கு அதிகம் வேண்டியவை என்பது என் கருத்து. பதின்மூன்று அடிகளையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை. எந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவாவது எடுத்தீர்களோ அதை முதலில் தெரிந்தெடுங்கள். உங்களோடு ஒத்துவராதவற்றுக்கும் சிறிது இடம் கொடுங்கள். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்களுக்கே சொல்லப்பட்டு வந்தது. அதைக் கேட்டு நீங்கள் பொறுத்தது சரியா, பிழையா என்று பேத்திக்கு எழுதினால் அவள் அதைக் கட்டாயம் வாசிப்பாள்.

அச்சில் உள்ளவற்றைவிட, உங்கள் தாயும் ஆச்சியும் வாய்ச்சொல்லாகச் சொன்னவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் பலவற்றின் வேறு பிரதிகள் பின்னர் கிடைத்தன. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் போனவை போனவைதான். உங்கள் கொப்பிகளும் ஒற்றைப் பிரதிகளே. பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து, வெவ்வேறு வீடுகளில் இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள். ஈழத்து எழுத்தாவணங்களைப் பேணுவதற்கு 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பேரர்களுக்கு உங்கள் குரலிலேயே பதிவுசெய்து அனுப்புங்கள். அச்சிடும் எண்ணம் இருந்தால் இப்போதே அச்சிடுங்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலில் பிள்ளைகள் சேர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், அச்சகத்தார் தம்மிடம் இருக்கும் வழக்கமான பொன்மொழிகளைப் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள்.

கேள்வி: மேற்படி ஆசிரியையைப் போல நானும் சேர்த்து வருகிறேன். ஒரே வாசகத்துக்கு இரண்டு மூன்று பெரியோரின் பெயர்கள் காணப்படும்போது எந்தப் பெயரை எழுதுவது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: மூலநூலில் கண்ணால் கண்டாலன்றிப் பெயர் எழுதாதீர்கள். 'கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்பதைக் கம்பர் வாக்காகப் பட்டிமன்றங்களில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். கம்பராமாயணத்தில் அப்படி ஓர் அடி இல்லை. கைபேசியில் வரும் வாசகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: விவேகானந்தரும் அப்துல் கலாமும் தாம் சொல்லாதவற்றையெல்லாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் உறுதிப்படவில்லை என்பதற்காக நல்ல வாசகத்தை வெட்டவும் வேண்டாம். பெயருக்குரிய இடத்தில், எந்த ஆண்டுக் கலண்டரில் கண்டீர்கள், அல்லது யார் வீட்டுத் திண்ணையில் கேட்டீர்கள் என்று எழுதிவைத்தால் போதும்.