சிலிண்டர் வந்தாலே காலைத் தூக்குகிறான்!

செல்லப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் மணிக்கு ஒன்றேகால் வயது. நாட்டு நாய்தான். குட்டியாக மழையில் நனைந்துகொண்டு கிடந்தவனை என் மகன் தூக்கி வந்தான். துவாக்குடியில் கொல்லைப்புறம் உள்ள தனி வீட்டில் இருந்தவரை ஒரு நாள்கூட வீட்டுக்குள் அசுத்தம் செய்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு தில்லைநகரில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்தோம். வந்த மூன்றாம் நாள் சோபா காலில் ஆரம்பித்தான். அப்புறம் ஃப்ரிட்ஜ் மூலை, தண்ணீர் கேன், இஸ்திரித் துணிக் கூடை. கேஸ் சிலிண்டர் வந்தால் போதும், இறக்கி வைத்த ஐந்து நிமிடத்தில் அதன் மேல் காலைத் தூக்கிவிடுவான். போன வெள்ளிக்கிழமை பூஜை அறை நிலைப்படியில் போய்விட்டான். மாமியார் அழுதுவிட்டார். வெளியே கூட்டிப்போய்ப் பத்து இடத்தில் விட்டுவிட்டு வந்து வீட்டுக்குள்ளும் விடுகிறான். பேப்பரைச் சுருட்டி அடித்தோம், மூக்கை அதில் வைத்துத் தேய்த்தோம். தினமும் இரண்டு வேளை பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன். லால்குடியில் இருக்கும் அண்ணன் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். மகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?
*பெயர் வேண்டாம், திருச்சி*

பதில்: அம்மா, தோப்புக்கு அனுப்பும் முடிவை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உங்கள் கணவரிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். நாளைக் காலை மணியை வெளியே கூட்டிப்போகும்போது அவன் முதல் சிறுநீர் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தாராளமாக, ஒரே தாரையாகப் போகிறதா? அல்லது முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வருகிறதா? நிறம் சிவந்திருக்கிறதா? இதை நான் எல்லோரிடமும் முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு நான்கு வயது ஆண் நாய் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். பத்து நாளாக வீடெல்லாம் காலைத் தூக்கித் துளித்துளியாக விடுகிறது, திமிர் பிடித்துவிட்டது என்று அடித்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்து பார்த்தால் சிறுநீர்ப்பை நிறையக் கல். ஒரு கல் இறங்கி, ஆணுறுப்புக்குள் இருக்கும் சின்ன எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. ஆண் நாய்களுக்குக் கல் வழக்கமாக அடைத்துக்கொள்வது அங்கேதான். முழுவதும் அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அந்த நாய் பிழைத்துக்கொண்டது. வலியில் இருந்தபோது அதற்கு விழுந்த அடியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. அதனால் ஒரு சுத்தமான டப்பாவில் மணியின் சிறுநீரைப் பிடித்து, பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நீங்கள் எழுதியிருப்பது எல்லை குறிப்பதேதான். கொஞ்சமாக, செங்குத்தாக நிற்கும் பொருளின் மேல், இடம் மாற்றி மாற்றி விடுகிறான். முட்டிக்கொண்டு வருகிற நாய் தரையில் குளம் கட்டிவிடும். இவன் அப்படி இல்லை. வெளியே பத்து இடத்தில் விட்ட பிறகும் வீட்டுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறான். ஆண் நாய்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இந்தப் பழக்கம் தலைகாட்டும். மணிக்கு அந்த வயதும் வந்தது, வீடும் மாறிவிட்டது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

துவாக்குடி வீட்டில் சுவர், கொல்லை, துணி துவைக்கும் கல் எல்லாவற்றிலும் அவன் வாசம் இருந்தது. இங்கே எதிலும் அவன் இல்லை. வேறு யாரோ இருந்த வீடு. முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா என்று ஓனரிடம் கேட்டுப் பாருங்கள். பூஜை அறை நிலைப்படி மரம் என்றால், நமக்குத் தெரியாத பழைய வாசம் அதில் ஊறியிருக்கலாம். பழிவாங்குவதற்காக நாய் இதைச் செய்வதில்லை. மிரண்டுபோயிருக்கிற நாய், 'இது என் இடம்' என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எழுதி வைக்கிறது.

சிலிண்டரைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அது குடோனிலிருந்து கிளம்பி, தெரு ஓரங்களில் நின்று நின்று, எத்தனையோ வீட்டு வாசலைத் தாண்டி உங்கள் அடுக்களைக்கு வருகிறது. அதன் அடி வளையத்தில் பல நாய்கள் எழுதிய கடிதம் இருக்கிறது. தண்ணீர் கேனும் அப்படித்தான். இஸ்திரித் துணி வண்டிக்காரரிடம் போய்விட்டு வருகிறது. வெளியே போய் வந்த பொருள்களாகப் பார்த்து மணி குறி வைக்கிறான், கவனித்தீர்களா? எங்கள் வீட்டில் பதினோரு வருடம் இருந்த சிப்பிப்பாறை நாய், என் கணவர் ஊருக்குப் போய்த் திரும்பினால் பெட்டியைத்தான் முதலில் தேடும்.

இனி சிலிண்டர் வந்தால் மணியை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வாசலிலேயே சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அடி வளையத்தையும் பக்கங்களையும் நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் உள்ளே வையுங்கள். தண்ணீர் கேனுக்கும் இதேதான். விருந்தாளிகளின் பை, செருப்பு, கூரியர் பெட்டி எதையும் தரையில் வைக்க வேண்டாம்.

பினாயிலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நம் மூக்குக்கு அது சுத்தத்தின் வாசனை. ஆனால் மூத்திர வாடை அடியில் அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொரு காட்டமான வாசனை வந்து உட்காருகிறது. நாயின் மூக்குக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தன் குறியை யாரோ மூடிவிட்டார்கள் என்று மறுபடி எழுதுகிறது. பினாயில் காலில் ஒட்டி, அதை நக்கி, வாந்தியோடு வருகிற நாய்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கறுப்புப் பினாயில் ரொம்ப மோசம். பூனை இருக்கும் வீட்டில் இன்னும் ஆபத்து. பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும்.

ஈரமாக இருக்கும்போதே பழைய பருத்தித் துணியை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு என்சைம் (வாடையைச் சிதைக்கும் நொதி) கலந்த கிளீனரை அந்த இடம் நனையும்படி ஊற்றிக் கால் மணி நேரமாவது ஊறவிட்டு, தானாகக் காய விடுங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் துணி துவைக்கும் பவுடரிலேயே என்சைம் இருப்பது உண்டு, பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். வினிகர் ஊற்றச் சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். மார்பிள், மொசைக் தரையை அது அரித்துவிடும், டைல்ஸ் தரையானால் பரவாயில்லை. இன்னொன்று, கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். மணிக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்டிருந்தாலும் உறை போடுங்கள்.

பழைய இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு யூவி (புற ஊதா) டார்ச் வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த கறை மங்கிய மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். நீங்கள் ஆறு இடம் எழுதியிருக்கிறீர்கள். டார்ச் அடித்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் தெரியும், பயந்துவிடாதீர்கள்.

அடிப்பதையும் மூக்கைத் தேய்ப்பதையும் பற்றி: நீங்கள் கோபத்தில் செய்தது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்னால் செய்ததற்காக அடி விழுகிறது என்று நாய்க்குப் புரியாது. நீங்கள் இருக்கும்போது செய்தால் அடி விழும் என்பது மட்டும்தான் அதற்குப் பதியும். அதனால் சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று மறைவாகப் போய்ச் செய்யும். ஏற்கெனவே மிரண்டிருப்பதால் இன்னும் அதிகமாகவும் செய்யும்.

அடிக்குப் பதிலாக மூன்று வாரம் அவனைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். ஆறடி நாய்ச் சங்கிலி அல்லது கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை பாருங்கள். முடியாத நேரத்தில் அவன் படுக்கை, தண்ணீர், கடிக்க ஒரு பொருளோடு ஒரே அறையில் விடுங்கள். ஒரு பொருளை விடாமல் மோந்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நின்றான் என்றால், அடுத்தது கால்தான். அந்த நொடியில் "மணி, வாடா!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோங்கள். கீழே போய்ச் செய்ததும் அங்கேயே, கையோடு, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். மாடியேறி வந்து கொடுத்தால் பயனில்லை.

காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடக்கட்டும். இழுத்துக்கொண்டு ஓடாமல் நின்று மோந்து பார்க்க விடுங்கள். புது ஏரியாவை அவன் படித்து முடிக்க வேண்டாமா? பால்கனியிலிருந்து தெரு நாய்கள் தெரிந்தால், கீழ்ப் பாதியை ஒரு துணியால் மறைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் வருத்தம் நியாயமானது. பூஜை அறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றை இன்றே மாட்டிவிடுங்கள். அவர் நிம்மதியாக விளக்கேற்றினால்தான் வீட்டில் மணியின் பக்கம் பேச ஆள் இருக்கும்.

கடைசியாகக் கருத்தடை. "பாவம், காயடிக்கச் சொல்கிறீர்களே" என்று கண்கலங்கியவர்கள் உண்டு. தெருவில் பெட்டை நாய் பருவத்துக்கு வரும் நாட்களில் சாப்பிடாமல், தூங்காமல், கதவைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும் ஆண் நாயைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் கருத்தடை செய்த 57 ஆண் நாய்களின் பழக்கங்களைக் கேட்டறிந்து எழுதினார்கள். வீட்டுக்குள் எல்லை குறிக்கும் பழக்கம் 60 சதவீதத்துக்கும் அதிகமான நாய்களில் பாதியாவது குறைந்திருந்தது. கிட்டத்தட்ட முழுவதும் நின்றது அதைவிடக் குறைவான நாய்களில்தான். ஆகவே அறுவை சிகிச்சை மட்டும் போதாது, மேலே சொன்னதெல்லாம் கூடவே வேண்டும். பலன் தெரியச் சில வாரம், சில நாய்களுக்குச் சில மாதம் ஆகும். பழக்கம் ஊறுவதற்கு முன்பே செய்வது நல்லது. அறுவைக்கு முன் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் பல நாய்களுக்கு இருக்கிறது. பிளேட்லெட் குறைந்திருந்தால் ரத்தம் உறையத் தாமதமாகும்.

தோப்பு விஷயம். வீட்டுக்குள் வளர்ந்த நாயைத் தோப்பில் விட்டால் ஒன்று கட்டிப்போடுவார்கள், அல்லது அது உங்களைத் தேடிச் சாலைக்கு ஓடிவரும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். மகனைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தக் கயிறு கட்டும் வேலையில் பாதியை அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆண் லாப்ரடாருக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்யவில்லை. இதுவரை இல்லாமல், ஒரு மாதமாகப் படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம். சில நேரம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இந்த வயதில் எல்லை குறிக்கும் மார்க்கிங் வருமா?
*ஒரு வாசகர், கோவை*

பதில்: இது மார்க்கிங் இல்லை. காலைத் தூக்காமல், படுத்த இடத்தில், அதுவும் ரத்தச் சாயலோடு என்றால் புராஸ்டேட் சுரப்பியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்களுக்கு அது வீங்குவது மிகச் சாதாரணம். மலம் கழிக்கவும் முக்குகிறதா என்று பாருங்கள். தொற்று, கல், சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீர், ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் இந்த வாரமே எடுங்கள். சாதாரண வீக்கம்தான் என்றால் கருத்தடையே அதற்கு நல்ல சிகிச்சை, சில வாரங்களில் சுரப்பி சுருங்கிவிடும். சொட்டுகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பொமரேனியன் காலைத் தூக்கும்போது சாய்ந்து விழுந்துவிடுவான் போல அவ்வளவு உயரம் தூக்குகிறான். இடுப்பில் ஏதாவது கோளாறா? வீட்டுக்குள் செய்யாமலிருக்க வயிற்றில் கட்டும் பட்டை வாங்கலாமா?
*கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

பதில்: நடை நன்றாக இருந்தால் கோளாறு இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் இதையே அளந்து பார்த்தார்கள். சின்ன நாய்கள் தங்கள் உயரத்துக்கு மிஞ்சி, பெரிய நாய்களைவிட அதிகக் கோணத்தில் காலைத் தூக்குகின்றன. மேலே இருக்கும் குறியைப் பார்த்து, எழுதியவன் பெரிய ஆள் என்று மற்ற நாய்கள் நினைக்கும் அல்லவா!

பட்டை வாங்கலாம். வெளியூர் போகும்போது, உறவினர் வீட்டில், உதவியாக இருக்கும். பழக்கத்தை அது மாற்றாது. நனைந்த பட்டையோடு நாள் முழுக்க விட்டால் நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வயிற்றுத் தோல் வெந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, வெளியே கூட்டிப்போய் வந்து, தோலைத் துடைத்து உலர்த்திவிட்டு வேறு பட்டை கட்டுங்கள். ராத்திரி கட்ட வேண்டாம்.