இன்னும் எதையும் சாதிக்காத ஒரு கால்பந்து வீரரை ரசிகர்கள் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் ரசிகராக இருக்க மாட்டார். ஒரு ரசிகரோடு ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். பத்து ஆட்டம்கூட முழுதாக ஆடாத ஒரு பையனின் அரை நிமிடக் காணொளியை யாரோ உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்தத் திருப்பலைப் பார், பார்!" என்று உயிரை எடுத்திருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் விளங்கியிருக்காது. நான் கைப்பேசியை நீட்டுகிற கட்சி. ஆகவே நடுநிலையான பதில் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

2009 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. என் அணியான மான்செஸ்டர் யுனைடெட் அதற்கு முந்தைய இரண்டு இங்கிலாந்து லீக் ஆட்டங்களிலும் உதை வாங்கியிருந்தது; லிவர்பூலிடம் 1-4, ஃபுல்ஹாமிடம் 0-2. முந்தைய நாள்தான் லிவர்பூல் வென்று பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியிருந்தது. கோல் அடிக்கிற ரூனிக்கு ஆடத் தடை, பெர்படோவுக்குக் காயம். இந்த லட்சணத்தில் சொந்த மைதானத்திலேயே ஆஸ்டன் வில்லா 2-1 என்று முன்னால் நின்றது. நானும் தம்பியும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவன் லிவர்பூல் ரசிகன். வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

அப்போது நானி என்ற வீரரை வெளியே அழைத்துவிட்டு, 41ஆம் எண் சட்டை போட்ட 17 வயது இத்தாலியப் பையன் ஒருவனைப் பயிற்சியாளர் ஃபெர்குசன் உள்ளே அனுப்பினார். ஃபெடெரிகோ மக்கேடா. பெயரை எப்படி உச்சரிப்பது என்பதே எங்களுக்குத் தெரியாது. சட்டை முதுகைப் பார்த்து "மச்சேடா" என்று படித்தோம். வர்ணனையாளர் சொன்ன பிறகுதான் மக்கேடா என்று திருத்திக்கொண்டேன். தம்பி இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.

ரொனால்டோ 2-2 ஆக்கினார். 90 நிமிடம் முடிந்து நடுவர் கூட்டித் தரும் காயநேரத்தில் மூன்றாவது நிமிடம். சக வீரர் கிக்ஸ் தட்டிக்கொடுத்த பந்து கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் பையனிடம் வருகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பாளர். குதிகாலால் லேசாக ஒரு தட்டு, அதே வேகத்தில் உடம்பை ஒரு சுழற்று. தடுப்பாளர் பின்னால் கிடக்கிறார். வலது காலால் பந்தை வளைத்து விடுகிறான். அது கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு தூரத்து மூலையில் போய் விழுகிறது. பையன் ஓடிப்போய் கூட்டத்துக்குள் இருந்த தன் தந்தையைக் கட்டிக்கொள்கிறான். நான் என்ன செய்தேன் என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவான். இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் சண்டர்லேண்டுடன் ஆட்டம். மாற்றாக இறங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை. சக வீரர் காரிக் அடித்த பந்தில் காலை நுழைத்து மறுபடியும் வெற்றி கோல். அதோடு எனக்குப் பித்துப் பிடித்தது. கணக்கையும் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ஆண்டு யுனைடெட் 90 புள்ளி, லிவர்பூல் 86. இந்த இரண்டு கோலும் விழாமல் இருந்திருந்தால் இரண்டு ஆட்டமும் சமன். ஆட்டத்துக்கு இரண்டு என்று 4 புள்ளி போயிருக்கும். 86-86 என்று நின்றால் அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்குமான வித்தியாசத்தில் கோப்பை லிவர்பூலுக்கு. இதைத் தாளில் எழுதித் தம்பியிடம் காட்டினேன். மற்ற 36 ஆட்டங்களையும் உன் மச்சேடாவா ஆடினான் என்று கேட்டான். கேள்வி நியாயம்தான். அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

மக்கேடா பெயரும் 41ஆம் எண்ணும் போட்ட சட்டை ஒன்றை வாங்கினேன். அந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை, தனியாக அச்சடித்துத்தான் தர வேண்டும் என்றார்கள். அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பருவத்தில் அவருக்கு 27ஆம் எண் கொடுத்துவிட்டார்கள். நாலைந்து சலவையில் கடைசி எழுத்தும் உரிந்து போயிற்று.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தச் சட்டைதான். ரொனால்டோ சட்டையைக் கோடிப் பேர் போட்டிருந்தார்கள். அதைப் போட்டால் நான் அந்தக் கோடிப் பேரில் இன்னொருவன். இந்தப் பையனை நான் முதலில் பார்த்தேன், நான் நம்பினேன், நாளைக்கு உலகம் பேசும்போது "அன்றே சொன்னேன்" என்று சொல்லும் உரிமை எனக்கு. சாதித்தவரிடம் ரசிகன் போய்ச் சேர்ந்துகொள்கிறான், அவ்வளவுதான். சாதிக்காதவனிடம் முதலீடு போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். அணி தடுமாறும் காலமென்றால் இந்தப் பித்து இரண்டு மடங்காகும்.

"மெஸ்ஸியும் 17 வயதில் வந்தவர்தானே, ரசிகர்கள் கண்டுகொண்டார்களே" என்று யாராவது கிளம்புவார்கள். தெரியும் ஐயா. மெஸ்ஸி ஆடிய அதே பார்சிலோனாவில் அவருடைய இளம் வயதுக் கோல் சாதனையை 2007இல் முறியடித்த போஜானையும் நினைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த மெஸ்ஸி" என்று ஊரே தூக்கியது. அந்தப் பையனைப் பதற்றம் பிடித்துக்கொண்டது. 2008 யூரோ கோப்பைக்கு ஸ்பெயின் அணியோடு போகவில்லை, அந்தப் பதற்றம்தான் காரணம் என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் வெளியே சொன்னார். தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது. மறுபக்கமும் உண்டு. 16 வயதில் ரியல் மாட்ரிட்டுக்குப் போன ஓடெகார்டை "வீணாய்ப் போனவன்" என்று கைகழுவிய அதே வாய்கள், அவர் ஆர்சனல் அணித்தலைவரானதும் பல்லை இளித்தன. அதற்காக ரசிகர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. இப்போதெல்லாம் ஒரு பையனை நாமே பார்த்து முடிவு செய்ய விடுகிறார்களா? லீகுக்கு ஒரு சந்தா, கோப்பைக்கு ஒரு சந்தா, ஐரோப்பியப் போட்டிக்கு இன்னொரு சந்தா. எல்லாவற்றுக்கும் கடவுச்சொல், எல்லாவற்றிலும் விளம்பரம், கோல் விழும் நேரம் பார்த்துப் படம் உறைந்து நிற்கிறது. தொண்ணூறு நிமிடத்தையும் பார்க்க வழியில்லாதவன் அரை நிமிடத் துணுக்கைப் பார்த்துத்தானே பித்தாவான்?

மக்கேடா யுனைடெட்டுக்காக லீக்கில் அடித்தது மொத்தம் 4 கோல். சாம்ப்டோரியா, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், ஸ்டுட்கார்ட் என்று வேறு அணிகளுக்கு இரவலாகப் போய் அலைந்தார். பிறகு கார்டிஃப், அதன் பிறகு இத்தாலி, கிரேக்கம். அவர் சேர்ந்த இடத்தையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2022இல் அவர் இருந்த பனதினைகோஸ் அணி கிரேக்கக் கோப்பையை வென்றது. செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது:

"சட்டையை எடுத்து இஸ்திரி போடு அண்ணா."